சலமாங்காவில் என் வாக்கியம் முடியும் வரை காத்திருந்தவர்களுக்கு

வணக்கம். திருநெல்வேலிக்குத் திரும்பி வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. இந்த மடலை இன்னும் எழுதவில்லையே என்று தினமும் மனது உறுத்திக்கொண்டே இருந்தது. 2023 செப்டம்பர் முதல் 2024 ஜூலை வரை ஸ்பெயினில், சலமாங்கா பல்கலைக்கழகத்தில், ஸ்பானிஷை அயல்மொழியாகக் கற்பிப்பதற்கான முதுகலைப் படிப்பு படித்தேன். அங்கே எனக்கு உதவியவர்களுக்கு ஸ்பானிஷில் தனித்தனியாக எழுதி அனுப்பிவிட்டேன். ஆனால் அவர்கள் எனக்கு என்ன செய்தார்கள் என்று நம் ஆட்களுக்கும் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன், அதனால் இது தமிழில். யார் பெயரையும் போடவில்லை. சிலருடைய பெயர் எனக்கே தெரியாது.

முதலில் நம் ஊரிலிருந்தே தொடங்குகிறேன். மாணவர் விசாவுக்கு, நான் போன 2023-இல், மாதம் 600 யூரோ வீதம் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட வேண்டியிருந்தது, பட்டச் சான்றிதழுக்கு அப்போஸ்டில் என்கிற, வெளிநாட்டில் ஏற்றுக்கொள்வதற்கான அரசு முத்திரை வாங்க வேண்டும், காவல்துறைச் சான்றிதழ் வேண்டும், எல்லாவற்றையும் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஸ்பானிஷில் மாற்ற வேண்டும். இந்த அலைச்சலில் பாதியை அப்பாவின் நண்பர் ஒருவர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், தன் வேலையை விட்டுவிட்டு என்னோடு சேர்ந்து அலைந்து தீர்த்தார். வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டதும் அவர்தான். மாமா, அந்தக் கையெழுத்து போடும்போது நீங்கள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, அதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மாட்ரிட்டிலிருந்து சலமாங்காவுக்குப் பேருந்தில் சுமார் இரண்டரை மணி நேரம். போய் இறங்கியபோது மத்தியானம் மூன்று மணி, கடைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன, தெருவில் ஆளே இல்லை. அது அங்கே சாப்பாட்டு நேரம் என்று அப்போது எனக்குத் தெரியாது. கையில் இரண்டு பெரிய பெட்டிகள், போனில் சார்ஜ் இல்லை. பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்து நான் எழுதி வைத்திருந்த முகவரியை வாங்கிப் பார்த்தார், ஒரு பெட்டியைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். இருபது நிமிட நடை. வழியெல்லாம் நான் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று தடவை தடுமாறினேன், அவர் குறுக்கே பேசவே இல்லை, நான் முடிக்கும் வரை நின்று கேட்டுவிட்டு அப்புறம் பதில் சொன்னார். ஐயா, உங்களை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை. அந்த ஊரில் எனக்காகக் காத்திருந்த முதல் ஆள் நீங்கள்தான்.

முதலில் எடுத்த அறையின் உரிமையாளர் என் பெயரை அந்த முகவரியில் பதிவு செய்ய மறுத்துவிட்டார். ஸ்பெயினில் இது சின்ன விஷயம் இல்லை. எம்பத்ரோனமியெந்தோ என்று ஒரு பதிவு உண்டு, நாம் எந்த வீட்டில் குடியிருக்கிறோம் என்பதை நகராட்சியில் பதிவது. அடையாள அட்டை எடுக்கப் போனால் முதலில் இந்தத் தாளைத்தான் கேட்கிறார்கள், அந்த அட்டைக்கோ வந்த ஒரு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நாள் போய்க்கொண்டே இருக்கிறது, ராத்திரி தூக்கம் இல்லை. அந்த நிலையில் வகுப்பில் பக்கத்தில் உட்காரும் கொலம்பியத் தோழி, தான் தங்கியிருக்கும் வீட்டில் இன்னொரு அறை காலியாக இருக்கிறது என்று கையைப் பிடித்து அழைத்துப் போனாள். போன மறுநாளே வீட்டுக்கார அம்மா என்னோடு நகராட்சி அலுவலகத்துக்கு வந்து, இந்தப் பெண் என் வீட்டில்தான் இருக்கிறாள் என்று கையெழுத்துப் போட்டார். எழுபது வயதைத் தாண்டியவர், முழங்கால் வலிக்காரர். அடையாள அட்டைக்குக் கைரேகை கொடுப்பதற்கான முன்பதிவு இணையத்தில் கிடைக்கவே கிடைக்காது, அதற்கு என் தோழி காலை ஐந்து மணிக்கு அலாரம் வைத்து நான்கு நாள் முயற்சி செய்து வாங்கிக் கொடுத்தாள். தோழி, நீ இல்லையென்றால் நான் அக்டோபரிலேயே ஊருக்கு வந்திருப்பேன்.

அந்த அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும்.

ஸ்பானிஷில் நமக்கு இருப்பது போலவே நீ, நீங்கள் இரண்டும் உண்டு, தூ, உஸ்தெத் என்று. ஆனால் ஸ்பெயினில் இப்போது பெரியவர்களையும் சட்டென்று தூ என்று கூப்பிட்டுவிடுகிறார்கள். அந்த அம்மாவும் தன்னை அப்படியே கூப்பிடச் சொன்னார். எழுபது வயது அம்மாவை நீ என்று கூப்பிட என் நாக்கு வளையவில்லை. கொலம்பியத் தலைநகர் போகோத்தாவைச் சேர்ந்த என் தோழி, எங்கள் வீட்டில் அம்மாவையே உஸ்தெத் என்றுதான் கூப்பிடுவோம் என்று என் பக்கம் பேசினாள். சரி, உங்கள் இஷ்டம் என்று விட்டுவிட்டார்.

சலமாங்கா கடல்மட்டத்திலிருந்து 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, டிசம்பர் ஜனவரி ராத்திரிகளில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். அந்த வீட்டில் ஒரு வட்ட மேசை, தரை வரைக்கும் தொங்கும் கனமான துணி போர்த்தி, அடியில் ஒரு சின்ன மின்சாரக் கணப்பு. முன்பெல்லாம் அந்த இடத்தில் கரி நெருப்புத் தட்டு வைப்பார்களாம். காலைத் துணிக்குள் விட்டுக்கொண்டு மூன்று பேரும் உட்கார்ந்துவிடுவோம். என் ஆய்வுக் கட்டுரையின் பாதியை அங்கேதான் எழுதினேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தொலைக்காட்சியின் சத்தத்தை எனக்காகக் குறைத்து வைத்திருந்தார்.

நான் கறி மீன் சாப்பிடுவதில்லை. வெளியே இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் பல இடங்களில் சாலட்டில் சூரை மீனைப் போட்டுக் கொண்டுவருவார்கள், அங்கே இறைச்சி என்றால் அதில் மீன் சேராது. அந்த அம்மா ஒரு தடவை கேட்டதோடு சரி. பயறுக் குழம்பில் போடும் சொரீசோ என்கிற பன்றி இறைச்சித் தொத்திறைச்சியை எனக்காக நிறுத்தினார். ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களில் கொண்டைக்கடலையும் பசலைக்கீரையும் சேர்த்து ஒரு குழம்பு வைப்பார்கள், வழக்கமாக உப்பு போட்ட காட் மீன் சேரும், அதையும் விட்டுவிட்டு வைத்தார். முந்தின ராத்திரியே கடலையை ஊறப்போட்டுவிட்டுத் தூங்கப் போவதைப் பார்த்தால் எங்கள் அம்மா மாதிரியே இருக்கும்.

அடுத்து என் இலக்கணப் பேராசிரியை. நான் ஸ்பானிஷை ஆங்கிலம் வழியாகப் படித்தவள். பிடிக்கும் என்பதைச் சொல்லும்போது அவசரத்தில் இன்னும் தப்புப் பண்ணுவேன், நான் பிடிக்கிறேன் என்கிற மாதிரி வந்துவிடும். ஒரு நாள் வகுப்பில் எல்லோர் முன்னாலும் அது நடந்தது. அவர் திருத்தவில்லை. உன் மொழியில் இதை எப்படிச் சொல்வாய் என்று கேட்டார். எனக்குத் தமிழ் பிடிக்கும் என்றேன். பலகையில் எழுதச் சொல்லி, சொல்லுக்குச் சொல் பொருள் கேட்டார். அப்போதுதான் எனக்கே தெரிந்தது, மெ குஸ்தா என்பது எனக்குப் பிடிக்கும் என்பதேதான், அந்த மெ நம்முடைய எனக்கு. மெ துயேலே என்றால் எனக்கு வலிக்கிறது. ஆப்லோ என்று ஒரே சொல்லில் பேசுகிறேன் என்று சொல்லிவிடலாம், நான் என்பது வினையின் முடிவிலேயே இருக்கிறது. இத்தனை வருடம் இதை வேறொரு மொழி வழியாகச் சுற்றி வந்து படித்திருக்கிறேனே என்று கண் கலங்கிவிட்டது. அன்றைக்கு அரை மணி நேரம் வகுப்பே தமிழைப் பற்றி நடந்தது. 1218-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது, அங்கே பலகையில் தமிழ் எழுத்து. மேடம், என் ஆய்வுக் கட்டுரை பிறந்தது அந்தக் கேள்வியில்தான்.

பிப்ரவரியில் வயிற்று வலியும் காய்ச்சலுமாகச் சுகாதார நிலையத்துக்குப் போனபோது, பயத்தில் எல்லா ஸ்பானிஷும் மறந்து, இந்த மெ துயேலே மட்டும் தமிழிலிருந்து நேராக வந்தது. அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியையும் மெதுவாகக் கேட்ட செவிலியருக்கு என் நன்றி. சுவரெல்லாம் கல் சிப்பிகள் பதித்த பழைய மாளிகையில் இருக்கும் பொது நூலகத்தில், நான் தேடும் புத்தகத்தை மறுநாள் எடுத்து வைத்திருக்கும் அந்த ஊழியருக்கும். ஊரின் பெரிய சதுக்கமான பிளாசா மயோரில் கடிகாரத்தின் கீழே சந்திக்கலாம் என்று முதன்முதலில் என்னையும் சேர்த்து அழைத்த வகுப்புத் தோழர்களுக்கும்.

கிளம்பும் நாளில் வீட்டுக்கார அம்மா லா வேரா என்கிற பகுதியில் செய்யும் பிமென்தோன் டப்பா ஒன்றைப் பெட்டியில் வைத்தார், புகை மணம் வீசும் மிளகாய்த்தூள் அது. போன வாரம் அம்மா அதைப் போட்டுக் கொண்டைக்கடலைக் குழம்பு வைத்தாள். வீடியோவில் சட்டியைக் காட்டினேன். இரண்டு அம்மாக்களும் ஒருவர் பேசுவது ஒருவருக்குப் புரியாமல் பத்து நிமிடம் பேசினார்கள், நடுவில் நான் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமையும் பேசுவதாக வீட்டுக்கார அம்மா சொல்லியிருக்கிறார்.

சலமாங்காவுக்குப் படிக்கப் போகிறவர்கள் இங்கே யாராவது இருந்தால் கேளுங்கள். அந்த நகராட்சிப் பதிவுக்கு எந்தெந்தத் தாள் வேண்டும் என்று வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன், அனுப்பித் தருகிறேன். அந்த அம்மா வீட்டில் என் அறை இப்போது காலியாகத்தான் இருக்கிறது.