காற்று அடங்கட்டும், அப்புறம் கரண்ட் விடுங்கள்

மதிப்பிற்குரிய மின்பொறியாளர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக்காட்டு ஊர் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். சித்திரையில் என் தோப்பு எரிந்தது தாங்கள் அறிந்ததே. நேரில் வந்து பார்த்தீர்கள். ‘இயற்கை’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டுப் போனீர்கள்.

மேல்காத்து இயற்கைதான் ஐயா. தொங்கும் மின்கம்பியுமா?

காற்றில் இரண்டு கம்பியும் உரசின. லைன் டிரிப் ஆகி, கரண்ட் தானாக நின்றது. அத்தோடு விட்டிருந்தால் ஒரு மூலைச் சருகு புகைந்திருக்கும், மண்ணைப் போட்டு அணைத்திருப்போம். ஐந்தே நிமிடத்தில், யாரும் வந்து பார்க்காமல், மறுபடி லைனை சார்ஜ் செய்து கரண்ட் விட்டார்கள். அந்தப் பொறிதான் தோப்பைத் தின்றது. 2011 டிசம்பரில் தானே புயல் பழைய மரங்களைச் சாய்த்த பிறகு அம்மா குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றி வளர்த்த கன்றுகள் அவை. கொட்டை பொறுக்குகிற நேரத்தில் கரியானது. இப்போதெல்லாம் கரண்ட் போனால் அம்மா விசிறி தேடுவதில்லை. வாசலுக்கு வந்து தோப்புப் பக்கம் புகை தெரிகிறதா என்று பார்க்கிறார்.

கலிபோர்னியாவில் 2018 நவம்பரில் பாரடைஸ் என்ற ஊரே எரிந்து 85 பேர் இறந்தார்கள். மின்கோபுரத்தில் தேய்ந்துபோன ஒரு கொக்கி அறுந்ததுதான் காரணம். மின் நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அங்கே இப்போது வறண்ட காற்று பலமாக வீசும் என்றால் முன்கூட்டியே நிறுத்துகிறார்கள். காற்று அடங்கி, லைனைப் பார்வையிட்ட பிறகே திரும்பக் கொடுக்கிறார்கள். அதனால் நாள்கணக்கில் இருட்டில் கிடந்த மக்கள் திட்டவும் செய்தார்கள். நான் அவ்வளவு கேட்கவில்லை. காற்று நாளில் டிரிப் ஆன லைனை ஆள் பார்க்காமல் சார்ஜ் செய்யாதீர்கள். அவ்வளவுதான்.

புயல் என்றால் மழைக்கு முன்பே நிறுத்துகிறீர்கள், நன்றி. அக்னி நட்சத்திரக் காற்றுக்கு மட்டும் ஏன் அந்த அக்கறை இல்லை? பில் கட்டத் தவறினால் காலையிலேயே ஆள் வருகிறார், கையில் கட்டிங்பிளேயரோடு. கம்பியை இழுத்துக் கட்டச் சொன்னால்தான் ஆள் பற்றாக்குறை.

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். வரும் மாசிக்குள் கம்பியை இழுத்துக் கட்டி, நடுவில் கம்பிகள் உரசாமல் பிரித்து வைக்கும் ஸ்பேசர் போட்டுத் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதுவரையாவது, பார்க்காமல் சார்ஜ் செய்ய வேண்டாம். கிளை கழிக்க ஆளும் கத்தியும் ஊரிலேயே தருகிறோம். லைனை நிறுத்திக் கொடுக்க ஒரு லைன்மேனை அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
முந்திரி விவசாயி ஒருவன்