ஒரு செய்தியோடு விட்டுவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சில ஆண்டுகளாக வியன்னாவில் வசிக்கிறேன். காலையில் எழுந்ததும் கைபேசியில் உங்கள் நாளிதழைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. அதில் அடிக்கடி கண்ணில் படுவது ஒன்று: ஏதோ ஒரு ஊரின் ஓரத்தில் இருக்கும் காட்டுக்கு ஆபத்து என்று படத்தோடு செய்தி வரும், படித்துவிட்டு மனசு பதறும், அடுத்த நாள் தேடினால் அதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. அந்தக் காடு என்ன ஆனது என்று கடைசி வரை தெரியாது. இதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும், ஆனால் அதற்கு முன்னால் நான் வழக்கமாக நடக்கப் போகும் காட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

வியன்னாவின் மேற்கு ஓரத்தில் வீனர்வால்ட் என்ற பெரிய காடு இருக்கிறது. 43ஆம் எண் டிராமில் ஏறி கடைசி நிறுத்தமான நொய்வால்டெக்கில் இறங்கி நடந்தால் சிறிது நேரத்தில் காட்டுக்குள் போய்விடலாம். 2005இல் யுனெஸ்கோ இதை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. மொத்தம் சுமார் 1,05,000 ஹெக்டேர், அதாவது சென்னை மாநகராட்சியைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு. உயிர்க்கோளக் காப்பகம் என்றதும் வேலி போட்டு ஆட்களை வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று நம்மில் பலர் நினைக்கிறோம், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இந்தக் காப்பகத்துக்குள்ளேயே ஊர்கள் இருக்கின்றன, திராட்சைத் தோட்டங்கள் இருக்கின்றன, பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன, லட்சக்கணக்கானவர்கள் வாழ்கிறார்கள். பரப்பில் சுமார் 5 சதவீதம் மட்டும் மையப் பகுதி. அங்கே மரம் வெட்டக் கூடாது, குறி போட்ட பாதையை விட்டு இறங்கக் கூடாது.

அந்த மையப் பகுதியில் முதல் தடவை நடந்தபோது எனக்குக் கொஞ்சம் அதிர்ச்சிதான். பெரிய பெரிய பீச் (beech) மரங்கள் பட்டுப்போய் அப்படியே நிற்கின்றன, பாதி முறிந்து தொங்குகின்றன, கீழே விழுந்தவை பாசி பிடித்துக் கிடக்கின்றன, விறகுக்குக்கூட யாரும் எடுப்பதில்லை. பராமரிப்பே இல்லையோ என்று தோன்றியது. அப்புறம்தான் புரிந்தது, பட்ட மரத்தை நம்பித்தான் அங்கே நிறைய உயிர்கள் இருக்கின்றன. நீல உடம்பில் கரும்புள்ளி போட்ட ஒரு அழகான வண்டு, அதன் புழு பட்டுப்போன பீச் கட்டைக்குள்ளேயே சில வருடங்கள் வளரும். மரங்கொத்திக்கும் அந்தக் கட்டையில் இருக்கும் புழுக்கள்தான் சாப்பாடு. போன நூற்றாண்டின் நடுவில் ஆஸ்திரியாவில் அற்றே போய்விட்ட உரால் ஆந்தையை 2009 முதல் இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள், அது முட்டையிட முறிந்த பழைய மரமோ பெரிய பொந்தோ வேண்டும். ஆனால் புல்வெளிகளில் விஷயம் நேர் எதிர், அங்கே அறுக்காமல் விட்டால் காடு வந்து மூடிவிடும், புல்லோடு பூக்கும் ஆர்க்கிட் வகைகள் போய்விடும். அதனால் அங்கே விவசாயிகள் அறுக்கத்தான் வேண்டும்.

சரி, இந்தக் காடு எப்படி மிஞ்சியது? 1866இல் பிரஷ்யாவுடன் நடந்த போரில் ஆஸ்திரியா தோற்ற பிறகு கஜானா காலி, 1870இல் அரசே இதில் ஒரு பெரிய பகுதியை வெட்டி விற்கத் தயாராகிவிட்டது. அப்போது யோசெஃப் ஷோஃபெல் என்ற முன்னாள் ராணுவ அதிகாரி ஒருவர் வியன்னாவின் நாளிதழ் ஒன்றில் அதை எதிர்த்து எழுத ஆரம்பித்தார். ஒரு கட்டுரை எழுதிவிட்டு நிறுத்தவில்லை. மரம் யாருக்குப் போகிறது, என்ன விலைக்குப் போகிறது, அதிகாரிகள் என்ன செய்கிறார்கள் என்று இரண்டு வருடம் எழுதிக்கொண்டே இருந்தார். அவர்மேல் வழக்குகள் போட்டார்கள், அப்படியும் எழுதினார். அந்த நாளிதழும் அவருக்கு இடம் கொடுத்துக்கொண்டே இருந்தது. 1872இல் அரசு விற்பனைத் திட்டத்தைக் கைவிட்டது. 1905இல் வியன்னா நகராட்சி நகரைச் சுற்றிக் காடும் புல்வெளியும் கொண்ட பசுமை வளையத்தைக் காப்பதென்று முடிவெடுத்தது. அதற்குச் சரியாக நூறு வருடம் கழித்து யுனெஸ்கோ வந்தது. 1870இல் அந்த மரங்கள் விழுந்திருந்தால் இவ்வளவு காடு மிஞ்சியிருக்குமா?

ஷோஃபெலின் தைரியம் பெரிது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வழக்குக்கும் மிரட்டலுக்கும் நடுவில் இரண்டு வருடம் பக்கத்தைத் திறந்து வைத்த அந்த ஆசிரியரையும் நான் நினைத்துக்கொள்கிறேன். நம் ஊரிலும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், ஏரிக்கும் காட்டுக்கும் மனு மேல் மனு போட்டுக் களைத்துப்போனவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது ஒரு நாள் செய்தியாக வந்துவிட்டு மறைந்துவிடுகிறது.

அதனால் என் வேண்டுகோள் இதுதான். ஒரு காட்டைப் பற்றி ஒரு முறை செய்தி போட்டால், மாதம் ஒரு தடவையாவது அதே காட்டுக்கு நிருபரை மறுபடி அனுப்புங்கள். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, அளவெடுத்தார்களா, எத்தனை மரம் நிற்கிறது என்று நாலு வரி போதும், அந்த நாலு வரியை வருடக்கணக்கில் விடாமல் போடுங்கள்.

இப்படிக்கு,
வியன்னாவிலிருந்து உங்கள் வாசகி