வருகிறவர்களிடம் தண்ணீரைப் பற்றிய உண்மையைச் சொல்லுங்கள்

கடலோர, ஆற்றோர, ஏரிக்கரை ஊர்களின் உள்ளாட்சி மன்றங்களுக்கும் விடுதி நடத்துகிறவர்களுக்கும் படகோட்டிகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே,

வணக்கம். உங்கள் கரைகளுக்கு விருந்தினராக வந்துபோகிறவர்களில் ஒருவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். வரவேற்பில் நீங்கள் குறை வைப்பதில்லை. அறை சுத்தமாக இருக்கிறது. முகங்களில் சிரிப்பு இருக்கிறது. எங்கே நின்றால் சூரியன் மறைவதை நன்றாகப் பார்க்கலாம் என்று தெருவில் விளையாடும் பிள்ளைகூட வழிகாட்டுகிறது. ஆனால், எதைத் தேடி வந்தோமோ அந்தத் தண்ணீரைப் பற்றி மட்டும் யாரும் எங்களிடம் பேசுவதில்லை. எங்கே இறங்கலாம், எங்கே கூடாது, இன்று நீரின் போக்கு எப்படி இருக்கிறது, எந்த நேரத்துக்குள் கரைக்குத் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் நாங்களாகக் கேட்டால்தான் தெரியவரும். நீரோடு பழகாதவருக்கோ எதைக் கேட்க வேண்டும் என்பதே தெரியாது.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சொல்லித்தான் எல்லாரையும் வளர்த்திருக்கிறார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர் அந்த ஆழத்தை எப்படித் தெரிந்துகொள்வார்? அந்தக் கரையில் பிறந்து வளர்ந்தவர் வாய்திறந்து சொன்னால்தான் உண்டு. கரையோர ஊரின் விருந்தோம்பல் அங்கேதான் தொடங்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். மற்ற உபசாரங்கள் எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும்.

2021-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் 29 வயதுக்கு உட்பட்டவர்கள். அதே ஆண்டில்தான் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஜூலை 25-ஆம் தேதியை நீரில் மூழ்குவதைத் தடுப்பதற்கான நாளாக அறிவித்தது. இறந்தவர்கள் எல்லாரும் சுற்றுலா வந்தவர்கள் அல்லர். தங்கள் வீட்டருகே இருந்த நீரிலேயே போனவர்கள் பலர். அப்படியானால், அந்த நீரை முதன்முறையாகப் பார்க்கிறவருக்கு எவ்வளவு ஆபத்து என்று நினைத்துப் பாருங்கள்.

கடற்கரையில் நிகழும் சாவுகளுக்குப் பெரிய காரணமான இழுப்பு நீரோட்டத்தையே எடுத்துக்கொள்வோம். அலைகள் கரையில் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். மணல்திட்டுகளுக்கு இடையே பள்ளமான ஓர் இடம் கிடைத்தால், அதன் வழியே ஒடுங்கிப் பாய்ந்து வெளியேறுகிறது. அந்த இடத்தில் அலை அவ்வளவாக உடைவதில்லை. இரு பக்கமும் நுரைத்துக்கொண்டிருக்க, நடுவில் மட்டும் நீர் சமமாக, சாதுவாகத் தெரியும். புதிதாக வந்த தகப்பன் ஒருவர் குழந்தையைக் கூட்டிக்கொண்டு எங்கே இறங்குவார்? அலை குறைவாக இருக்கும் அந்த இடத்தில்தான் இறங்குவார். அவருடைய அக்கறையே அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது. வேகம் கூடிய நேரங்களில் இந்த நீரோட்டம் நொடிக்கு இரண்டரை மீட்டர் வரை பாயும். ஒலிம்பிக்கில் நீந்துகிறவரால்கூட அதை எதிர்த்துக் கரைசேர முடியாது.

அது ஆளைக் கீழே இழுத்து அமுக்குவதில்லை, கரையிலிருந்து விலக்கி வெளியே கொண்டுபோகிறது, அவ்வளவுதான். அதை எதிர்த்து நீந்திக் களைத்துப்போகிறவர்களே மூழ்குகிறார்கள். பதறாமல் மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்டு, முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பை விட்டு விலகிய பிறகு கரைக்குத் திரும்பலாம். இதைச் சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அறைச் சாவியைக் கையில் கொடுக்கும்போதே சொல்லிவிடலாம். காலை உணவு நேரத்தையும் இணைய வசதியின் கடவுச்சொல்லையும் தவறாமல் சொல்கிறீர்களே, இதையும் சேர்த்துச் சொல்லக்கூடாதா?

ஒருமுறை நான் தங்கிய விடுதியில், எதிரே உள்ள கடலில் குளிக்கலாமா என்று கேட்டேன். எல்லாரும் குளிக்கிறார்களே என்றார் அங்கிருந்தவர். துண்டோடு கிளம்பிப் போனேன். கரையில் வலை சீர்செய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர், நான் கேட்காமலே கையசைத்துக் கூப்பிட்டார். இந்தப் பக்கம் வேண்டாம், அந்தப் படகுகளைத் தாண்டிப் போய் இறங்குங்கள், அங்கேயும் இடுப்புக்கு மேல் போகாதீர்கள் என்றார். விடுதியில் எனக்குக் கிடைத்தது பதில்தான். விருந்தோம்பல் அந்தப் பெரியவரிடம் கிடைத்தது. அவருக்குத் தெரிந்தது விடுதியின் மேசை வரைக்கும் ஏன் வந்துசேரவில்லை என்ற கேள்வியைத்தான் உங்கள் எல்லார் முன்னும் வைக்கிறேன்.

அறிவிப்புப் பலகைகளும் கொடிகளும் வைத்திருக்கிறோமே என்று சிலர் சொல்லக்கூடும். வைத்திருப்பது நல்லதுதான். ஆனால் கொடியின் பொருள் எல்லா நாட்டிலும் ஒன்றல்ல. மேலே சிவப்பும் கீழே மஞ்சளுமாக உள்ள கொடி, உயிர்காப்பாளர்களின் கண்காணிப்பு இருக்கும் பகுதியைப் பல நாடுகளில் குறிக்கிறது. அத்தகைய இரண்டு கொடிகளை நட்டிருந்தால் அவற்றுக்கு இடையே நீந்தலாம். ஒற்றைச் சிவப்புக் கொடிக்கு பிரிட்டனில் நீரில் இறங்கவே கூடாது என்று பொருள். அமெரிக்கக் கடற்கரைகளில் அது அலையோ நீரோட்டமோ கடுமையாக இருப்பதை உணர்த்தும் எச்சரிக்கை. நீர் மூடப்பட்டிருப்பதைச் சொல்ல அங்கே இரண்டு சிவப்புக் கொடிகள் வேண்டும். இந்தக் குழப்பத்தைக் குறைக்கத்தான் ஐஎஸ்ஓ 20712 என்ற சர்வதேசத் தரநிலை வந்தது. அதைப் பின்பற்றுங்கள். பின்பற்றினாலும், ஒவ்வொரு கொடிக்கும் பொருள் என்ன என்பதை வருகிறவர்களின் மொழிகளில் கம்பத்தடியிலேயே எழுதி வையுங்கள். வெறுமனே ‘ஆபத்தான பகுதி’ என்று ஆண்டு முழுவதும் நிற்கும் பலகையை யாரும் நம்புவதில்லை. அமைதியான நாளிலும் அது அதையே சொல்லிக்கொண்டிருந்தால், பொல்லாத நாளில் அதன் பேச்சு எடுபடாது.

எச்சரித்தால் கூட்டம் குறையும், பிழைப்புப் போகும் என்ற அச்சம் உங்களில் பலருக்கு இருக்கிறது. அந்த அச்சத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. பருவத்தில் வரும் சில மாத வருமானத்தை வைத்து ஆண்டு முழுவதும் வாழ்கிற குடும்பங்கள் இருக்கின்றன. ஆனால் நடந்ததைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் பொண்டாய் கடற்கரையில் 1938 பிப்ரவரி 6-ஆம் தேதி அடுத்தடுத்து வந்த பெரிய அலைகள் மணல்திட்டில் நின்றிருந்தவர்களை அடித்துச் சென்றன. சுமார் 250 பேரை மீட்க வேண்டியிருந்தது. ஐந்து பேர் இறந்தார்கள். அன்று கடலில் பாய்ந்து மற்றவர்களைக் கரைசேர்த்தவர்கள் உள்ளூர்த் தன்னார்வ உயிர்காப்புச் சங்கத்தினர். அந்த நாட்டில் 1907 முதல் இத்தகைய சங்கங்கள் இயங்குகின்றன. கொடிகளுக்கு இடையே மட்டும் நீந்துங்கள் என்று அங்கே பல தலைமுறைகளாக ஓயாமல் சொல்லிவருகிறார்கள். அதனால் பொண்டாய்க்குக் கூட்டம் குறைந்துவிடவில்லை.

மறைத்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதற்குப் பிலிப்பைன்ஸின் போராகாய் தீவு சாட்சி. கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் கடலில் விட்டுக்கொண்டே வெண்மணலைக் காட்டி விருந்தினரை அழைத்தார்கள். கடைசியில் 2018 ஏப்ரலில் அரசு தலையிட்டு, தீவையே ஆறு மாதம் மூடியது. நேர்மையாக நடந்தவர்களும் அந்த ஆறு மாதம் சேர்ந்து பட்டினி கிடந்தார்கள். தண்ணீரைப் பற்றிய உண்மை என்றால் அதன் அழுக்கும் அதில் அடக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தில் குளிக்கும் துறைகளின் நீர்த்தர விவரத்தை அங்கேயே எழுதி வைக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் ஊரிலும் அதைச் செய்யச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

படகோட்டிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆனால் அதை அவர்களிடம் சொல்வதைவிட மன்றங்களிடம் சொல்வதே நியாயம். காற்று சரியில்லை, இன்று வேண்டாம் என்று சொல்லிப் படகைக் கட்டிவைக்கிற ஒருவர், அன்றைய கூலியை இழக்கிறார். பக்கத்துப் படகுக்காரர் அதே பயணிகளை ஏற்றிக்கொண்டு போனால், மனசாட்சியோடு நடந்தவருக்குத்தான் நட்டம். ஒரு தனி மனிதரின் நேர்மையின்மேல் இவ்வளவு பாரத்தை ஏற்றுவது சரியல்ல. துறை மூடப்படுகிறதா திறந்திருக்கிறதா என்பதை ஊரே கூடி முடிவுசெய்ய வேண்டும். மூடினால் எல்லாப் படகுக்கும் சேர்த்து மூட வேண்டும். மூடிய நாட்களுக்கென்று சுற்றுலா வருமானத்திலிருந்து ஒரு பங்கைப் படகோட்டிகளுக்கு ஒதுக்க வேண்டும். எத்தனை பேர் ஏறலாம் என்பதைப் படகின் பக்கவாட்டில் எல்லாருக்கும் தெரியும்படி எழுத வேண்டும். ஏறும் ஒவ்வொருவரும், குழந்தை உட்பட, தம் அளவுக்குப் பொருந்தும் உயிர்காப்பு உடையைக் கரையிலேயே அணிந்துகொண்டு ஏற வேண்டும். இருக்கைக்கு அடியில் கட்டிவைத்த உடை யாரையும் காப்பதில்லை.

ஆற்றோர ஊர்களும் ஏரிக்கரை ஊர்களும் இதெல்லாம் கடலுக்குத்தானே என்று நினைக்க வேண்டாம். மேலே அணையைத் திறந்தால் கீழே எவ்வளவு நேரத்தில் நீர் ஏறும் என்பது படித்துறையில் துவைக்கும் பெண்ணுக்குத் தெரியும், பாறையில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருக்கும் விருந்தினருக்குத் தெரியாது. மணல் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்பதும் அப்படித்தான். மலை ஏரிகளில் குளிர்தான் முதல் எதிரி. சுமார் 15 டிகிரிக்குக் கீழே உள்ள நீரில் திடீரென்று விழுந்தால் மூச்சு தானாக இழுத்துக்கொள்ளும். நன்றாக நீந்தத் தெரிந்தவரும் அந்தத் திணறலில் நீரைக் குடித்துவிடுவார். ஓரிரு நிமிடங்களுக்குள் அந்த அதிர்ச்சி தணிந்துவிடும். அதுவரை மல்லாந்து மிதந்தால் போதும் என்பதைத்தான் 1824-இல் தொடங்கப்பட்ட பிரிட்டனின் உயிர்காப்புப் படகு நிறுவனம் இன்று ஊரெங்கும் பரப்பிவருகிறது. இன்னொன்றையும் பலகையில் சேருங்கள்: மூழ்குகிறவரைக் காப்பாற்றப் பின்னாலேயே குதிக்கிற உறவினரும் பல நேரம் சேர்ந்தே இறக்கிறார். கயிறோ மிதவை வளையமோ காலிக் குடமோ, கைக்குக் கிடைத்ததை எறிய வேண்டும். எறிவதற்கு ஏதாவது அங்கே இருக்கும்படி பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

கரையில் வாழ்கிறவர்களின் அறிவு எவ்வளவு பெரியது என்பதை 2004 டிசம்பர் 26 காட்டியது. நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்த இந்தோனேசியாவின் சிமுலுவே தீவில் 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்தார்கள். சுனாமியில் அங்கே இறந்தவர்கள் ஏழு பேர் என்று பதிவாகியிருக்கிறது. 1907-இல் வந்த ஆழிப்பேரலையைப் பற்றி மூத்தவர்கள் கதையாகவும் பாட்டாகவும் சொல்லிவைத்திருந்தார்கள்: நிலம் ஆடி, கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு. தாய்லாந்தின் சுரின் தீவுகளில் கடலோடு வாழும் மோக்கன் பழங்குடி மக்கள் கடலின் போக்கைக் கண்டதுமே புரிந்துகொண்டு, தாங்கள் மேடேறியதோடு அங்கிருந்த சுற்றுலாப் பயணிகளையும் கூட்டிச் சென்றார்கள். அதே நாட்டின் வேறு பல கடற்கரைகளில், உள்வாங்கிய கடலை வேடிக்கை பார்க்க விருந்தினர்கள் இறங்கிப் போனார்கள். அவர்களிடம் சொல்ல யாரும் இல்லை. புக்கெட் தீவின் ஒரு கடற்கரையில் பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி ஒருத்தி, பள்ளியில் அண்மையில் படித்ததை நினைவில் வைத்துக் கூச்சலிட்டதால் கரை காலியாக்கப்பட்டது. அவள் சொன்னதை அந்த விடுதியார் காதுகொடுத்துக் கேட்டார்கள் என்பதையும் மறக்காமல் பாராட்ட வேண்டும்.

விருந்தினரான எங்களுக்கும் கடமை உண்டு. பசிபிக் பெருங்கடலின் தீவு நாடான பலாவில் 2017 இறுதியிலிருந்து, உள்ளே வருகிற ஒவ்வொருவரும் தீவின் இயற்கையைக் காப்பதாக அந்நாட்டுக் குழந்தைகளுக்கு உறுதிகூறி, பாஸ்போர்ட்டில் குத்தப்படும் முத்திரையில் கையெழுத்திட வேண்டும். அப்படிக் கேட்க உங்களுக்கும் உரிமை இருக்கிறது. வலை காயும் இடத்தில் நடக்காதே, படகு கரையேறும் வழியில் குடை விரிக்காதே, மது அருந்திவிட்டு நீரில் இறங்காதே என்று தயங்காமல் சொல்லுங்கள். கேட்டு நடப்போம்.

நான் கேட்பது இதுதான். அடுத்த பருவத்துக்காக மன்றம் கூடும்போது, வரவேற்பு வளைவுக்கும் விளக்கு அலங்காரத்துக்கும் பணம் ஒதுக்குவதற்கு முன்னால், வலை இழுக்கிறவர்களையும் படகோட்டிகளையும் படித்துறைப் பெண்களையும் உயிர்காப்பாளர்களையும் ஒரே மேசையில் உட்காரவையுங்கள். உங்கள் நீரில் புதியவர் செய்யும் தவறுகள் எவை என்று அவர்களைக் கேளுங்கள். அவர்கள் சொல்வதை ஒரே பக்கத்தில் அடங்கும்படி எழுதி, எல்லா விடுதி அறைகளிலும் பஸ் நிலையத்திலும் படகுத்துறையிலும் ஒட்டுங்கள். அந்தத் தாள் தயாரானதும், முன்பதிவு செய்கிற ஒவ்வொருவருக்கும் ரசீதோடு சேர்த்து அனுப்பிவையுங்கள். கிளம்புவதற்கு முன்பே படித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் கரைகளுக்கு மீண்டும் வர விரும்பும் ஒரு விருந்தினன்