முத்திரை வேண்டாம் என்ற அண்ணனுக்கு

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை டர்பனின் சாட்ஸ்வர்த்தில் கடைசிச் சுற்று முடிந்து எல்லோரும் மரநிழலில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அடுத்த ஆண்டு நம் டிஸ்க் கோல்ஃப் (பறக்கும் தட்டை எறிந்து, குறைந்த எறிகளில் கூடையில் விழச் செய்யும் ஆட்டம்) தொடருக்கு அதிகாரபூர்வ அங்கீகாரம் கேட்டு விண்ணப்பிக்கலாமா என்று இளையவர் ஒருவர் உங்களிடம் கேட்டார். "யாருடைய முத்திரையும் இல்லாமல்தான் நாம் விளையாடக் கற்றுக்கொண்டோம், இனியும் அது வேண்டாம்" என்று சொன்னீர்கள். அதன் பிறகு எவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பெரியவர் முடித்துவைத்த பேச்சைச் சபையில் மீண்டும் தொடங்கத் தயங்கி நானும் வாய் திறக்கவில்லை. ஆனால் ஆறு ஆண்டுகளாக இந்தத் தொடரின் ஸ்கோர் தாள்களைக் கட்டிக் காத்து வரும் நான் பேசாமல் இருந்தது சரியில்லை என்று வீடு திரும்பியதிலிருந்து மனம் உறுத்துகிறது. ஆகவே எழுதுகிறேன்.

நான் கேட்பது தொடர் முழுவதற்குமான அங்கீகாரம் இல்லை. ஆண்டுக்கு நாம் நடத்தும் ஐந்து போட்டிகளில் இரண்டுக்கு மட்டும், பி.டி.ஜி.ஏ. எனப்படும் புரொஃபெஷனல் டிஸ்க் கோல்ஃப் அசோசியேஷனின், உள்ளூர்ப் போட்டிகளுக்கான சி அடுக்கு அங்கீகாரத்தைப் பெற வேண்டும் என்பதே என் வேண்டுகோள். நம் பிள்ளைகள் எறிந்த எறிகள் நம் ஊருக்கு வெளியேயும் கணக்கில் ஏற வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை.

உங்கள் மறுப்பு எங்கிருந்து வருகிறது என்பதை நான் அறிவேன். 1973ல் தென்னாப்பிரிக்க விளையாட்டு மன்றம் உருவாகி, இயல்பற்ற சமூகத்தில் இயல்பான விளையாட்டு என்று ஒன்று இருக்க முடியாது என்று அறிவித்த காலத்தில் நீங்கள் பந்தாடியவர். நிறவெறி அரசு கொடுக்க முன்வந்த மைதானங்களையும் கோப்பைகளையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, புல்லைவிட மண்ணே மிகுந்த திடல்களில் ஆடியவர்கள் உங்கள் தலைமுறையினர். அந்த மறுப்புக்கு நீங்கள் கொடுத்த விலையைச் சிறு வயதில் என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். அதைக் குறைத்துப் பேசும் தகுதி எனக்கு ஒருநாளும் வராது.

ஆனால் அண்ணா, அந்த வரலாற்றுக்குள்ளேயே வேறொரு பக்கமும் இருக்கிறது. நிறம் பாராமல் எல்லோரையும் சேர்த்துக்கொண்ட நம் மேசைப்பந்து வாரியம் 1950களில் என்ன செய்தது? வெள்ளையருக்கு மட்டுமான சங்கத்தைத் தாண்டி, நேரே பன்னாட்டு மேசைப்பந்துக் கூட்டமைப்பின் கதவைத் தட்டியது. 1956ல் அந்தக் கூட்டமைப்பு வெள்ளையர் சங்கத்தை விலக்கி, நம் வாரியத்தையே தென்னாப்பிரிக்காவின் அமைப்பாக ஏற்றுக்கொண்டது. மறுஆண்டு ஸ்டாக்ஹோமில் நடந்த உலகப் போட்டிக்கு நம்மவர்கள் போனார்கள். கடவுச்சீட்டை மறுத்து அரசு பின்னர் வழியை அடைத்தது வேறு கதை. அங்கீகாரத்தின் வலிமையை நன்றாக உணர்ந்திருந்ததால்தான் நம் பெரியவர்கள் அதைத் தேடிக் கடல் கடந்து விண்ணப்பம் அனுப்பினார்கள் என்று நான் நினைக்கிறேன்.

கிரிக்கெட்டையும் நினைத்துப் பாருங்கள். 1972-73 பருவம் முதல் 1990-91 வரை ஹோவா கோப்பைக்காக நம்மவர்கள் ஆடிய ஆட்டங்களை அந்நாளில் அதிகாரபூர்வ ஏடுகள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து அந்த ஆட்டங்களுக்கு முதல்தர ஆட்டங்கள் என்ற தகுதி பின்தேதியிட்டு வழங்கப்பட்டது. யாரோ ஒருவர் வெயிலில் உட்கார்ந்து பந்துக்குப் பந்து எழுதி வைத்த ஸ்கோர் புத்தகங்கள் இல்லாமல் அது நடந்திருக்குமா? ஸ்கோர் எழுதுகிறவள் என்பதால் அந்தப் பெயர் தெரியாத மனிதரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

பாப்வா செவ்கோலமின் கதையை நீங்கள்தான் எனக்கு முதலில் சொன்னீர்கள். கோல்ஃப் பை தூக்கிப் பிழைத்த அந்த மனிதர், இடக்கையைக் கீழே வைத்துத் தலைகீழாக மட்டையைப் பிடித்து ஆடி, 1959லும் 1960லும் டச்சு ஓப்பன் கோல்ஃப் பட்டத்தை வென்றார். 1963ல் நம் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நேட்டால் ஓப்பனை வென்றபோது, கிளப் கட்டடத்துக்குள் அவரை அனுமதிக்காமல் மழையில் வெளியே நிறுத்திக் கோப்பையைக் கொடுத்தார்கள். அந்தக் கதையை நீங்கள் சொல்லும்போதெல்லாம் உங்கள் குரல் அந்த மழையில் வந்து நின்றுவிடும். நான் அங்கிருந்து ஓர் அடி மேலே போகிறேன். அவரை வெளியே நிறுத்தியவர்களால் அவருடைய ஸ்கோர் அட்டையை வெளியே நிறுத்த முடியவில்லை. எல்லோருக்கும் பொதுவான விதிப்படி எண்ணப்பட்ட அடிகள் என்பதால் அவரே வெற்றியாளர் என்று அவர்களே எழுதிக் கையெழுத்திட நேர்ந்தது. 1965ல் கேரி பிளேயரும் ஆடிய களத்தில் அதே பட்டத்தை மீண்டும் வென்றபோதும் அப்படித்தான்.

இனி நம் விளையாட்டுக்கு வருகிறேன். சங்கிலி தொங்கும் கூடையை வடிவமைத்த எட் ஹெட்ரிக் 1976ல் பி.டி.ஜி.ஏ.வைத் தொடங்கினார். முதல் உறுப்பினர் எண்ணும் அவருடையதே. ஒருவர் உறுப்பினராகச் சேரும்போது பெறும் எண் ஆயுள் முழுவதும் மாறுவதில்லை. அங்கீகாரம் பெற்ற போட்டியில் அவர் ஆடும் ஒவ்வொரு சுற்றும் அந்த எண்ணின் கீழ் பதிவாகிறது. கடந்த 12 மாதச் சுற்றுகளை வைத்து அவருக்கு ஒரு ரேட்டிங், அதாவது திறன் மதிப்பெண், கணக்கிடப்படுகிறது. கூடுதல் எறிச் சலுகை எதுவும் தேவைப்படாத தேர்ந்த ஆட்டக்காரரின் அளவு 1000. வழக்கமான ஒரு களத்தில் ஓர் எறி கூடினால் ஏறத்தாழ பத்துப் புள்ளி இறங்கும். களம் கடினமா எளிதா, அன்று காற்று அடித்ததா இல்லையா என்பதெல்லாம் இந்தக் கணக்குக்குள் வந்துவிடுகின்றன. ஏனென்றால், அதே நாளில் அதே களத்தில் ஆடிய, ஏற்கெனவே ரேட்டிங் உள்ளவர்களின் ஸ்கோரைக் கொண்டே அன்றைய சுற்றின் மதிப்பு அளக்கப்படுகிறது. கடற்காற்று அடிக்கும் நாளில் நாம் எறியும் 62, காற்றில்லாத மேட்டுநிலத்தில் ஒருவர் எறியும் 55க்குச் சமமாக இருக்கலாம். அதைச் சொல்ல நம் தாள்களால் முடியாது.

அதனால் நேர்ந்த ஓர் இழப்பை உங்களுக்கு நினைவூட்ட வேண்டும். நம்மோடு நான்கு ஆண்டுகள் ஆடிய அந்தப் பெண் படிப்புக்காக வேறு மாகாணத்துக்குப் போனாள் அல்லவா? அங்கே முதல் போட்டிக்குப் பெயர் கொடுத்தபோது, "உன் ரேட்டிங் என்ன?" என்று கேட்டிருக்கிறார்கள். அவளிடம் சொல்ல எதுவும் இல்லை. புதியவர்கள் பிரிவில் சேர்த்தார்கள். அவள் பெரும் வித்தியாசத்தில் வென்றாள். ஏமாற்றிச் சின்னப் பிரிவில் சேர்ந்தவள் என்று முணுமுணுத்தார்கள். அதன் பிறகு அவள் அங்கே ஆடப் போகவில்லை. அவளுடைய நாற்பதுக்கு மேற்பட்ட சுற்றுகள் என் அலமாரியில், ரப்பர் வளையம் போட்ட கட்டாக இருக்கின்றன. நம் தொடருக்கு வெளியே அவற்றுக்கு ஒரு பொருளும் இல்லை. அவள் தொலைபேசியில் அழுத அன்று என் வேலையின் மேல் எனக்கே கோபம் வந்தது.

நம் ஊரிலும் இதே சிக்கல் இருக்கிறது. யார் எந்தப் பிரிவில் ஆடுவது என்பதை நாம் கண்ணால் பார்த்தும் முகத்தைப் பார்த்தும் முடிவு செய்கிறோம். மூன்று ஆண்டுகளாகப் புதியவர் பிரிவிலேயே கோப்பை வாங்கிச் செல்பவரிடம் மேலே போங்கள் என்று சொல்ல எனக்கும் நாக்கு வரவில்லை, உங்களுக்கும் வரவில்லை. பி.டி.ஜி.ஏ. அமெச்சூர் பிரிவுகளில் ரேட்டிங் 850க்குக் கீழ், 900க்குக் கீழ், 935க்குக் கீழ் என்று வரம்பு இருக்கிறது. மேலே போகச் சொல்வது எண்ணாக இருந்தால் உறவு கெடாது.

தடைகளை மறைக்க விரும்பவில்லை. பணம் முதல் தடை. கட்டணங்கள் டாலரில் வரும். நாம் ராண்டில் சம்பாதிக்கிறோம். ஆனால் சி அடுக்குப் போட்டியில் உறுப்பினர் அல்லாதவர்களும் ஒரு சிறு கூடுதல் கட்டணம் செலுத்தி ஆடலாம் என்பதால் எல்லோரையும் உறுப்பினராகச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை. பள்ளிப் பிள்ளைகளின் கட்டணத்தைக் கோப்பைக்கு ஒதுக்கும் பணத்திலிருந்து கொடுத்துவிடலாம். நம் வீடுகளில் கோப்பை வைக்க இடமில்லாமல் போய் நெடுநாளாகிறது.

ரேட்டிங் உள்ளவர்கள் போதிய எண்ணிக்கையில் வந்து ஆடினால்தான் மற்றவர்களின் சுற்றுக்கு மதிப்பிட முடியும் என்பது அடுத்த சிக்கல். ஆகவே முதல் போட்டிக்கு ஜோகன்னஸ்பர்க்கிலிருந்தும் கேப் டவுனிலிருந்தும் ரேட்டிங் உள்ள சிலரை அழைக்க வேண்டும். நம் வீடுகளில் தங்கவைத்துச் சோறு போடுவது நமக்குப் புதிதல்ல.

நேரம் பற்றியும் சொல்ல வேண்டும். கோயிலில் பூசை முடித்துவிட்டு வருகிறவருக்காக நாம் காத்திருக்கிறோம்; விதிப்படி, அவர் தவறவிட்ட ஒவ்வொரு குழிக்கும், அதாவது ஒவ்வொரு கூடைக்கும், பாருடன் (அதற்கு விதித்த எறிக் கணக்கு) நான்கு எறி சேர்த்து எழுத வேண்டும். ஸ்கோர் அட்டையில் கூட்டல் தவறினால் இரண்டு எறி தண்டம். இது நம்மவர்களுக்கு முதலில் கசக்கும். தேதியையும் முன்கூட்டியே பதிவு செய்துவிட வேண்டும் என்பதால், தைப்பூசக் காவடி, புனித வெள்ளியன்று இசிபிங்கோவிலும் மவுண்ட் எட்ஜ்கம்பிலும் நடக்கும் மாரியம்மன் திருவிழா, ஆடி மாதக் கூழ் வார்ப்பு ஆகியவற்றை நாட்காட்டியில் குறித்துவிட்டு, அவை தொடாத இரண்டு ஞாயிறுகளை நான் தேர்ந்து தருகிறேன். எஞ்சிய மூன்று போட்டிகள் எப்போதும்போல நடக்கட்டும்: தாமதமாக வருகிறவருக்குக் காத்திருப்போம், தாத்தாவும் பேரனும் ஒரே டிஸ்க்கை மாறி மாறி எறியும் ஆட்டத்தை வைத்துக்கொள்வோம். அந்த மகிழ்ச்சியை எந்தச் சங்கத்துக்கும் எழுதிக் கொடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

எழுதத் தயங்கிய ஒன்று பாக்கி இருக்கிறது. அது உங்கள் கூடைகள். அங்கீகாரம் என்ற சொல்லைக் கேட்டதும் உங்கள் முகம் மாறியதற்கு வரலாறு மட்டும் காரணம் இல்லை என்று எனக்குப் படுகிறது. வெல்டிங் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆண்டில், பழைய இரும்புக் குழாய்களையும் கடைத்தெருவில் எடை போட்டு வாங்கிய சங்கிலியையும் கொண்டு நீங்கள் பற்றவைத்த அந்த ஒன்பது கூடைகள் இல்லாவிட்டால் இந்தத் தொடரே பிறந்திருக்காது. அங்கீகாரம் பெற்ற போட்டிக்குத் தர அளவுகளுக்கு உட்பட்டு ஒப்புதல் பெற்ற கூடைகள் வேண்டும் என்பது உண்மை. யாரோ ஒருவர் வந்து உங்கள் கைவேலையைத் தள்ளிவைத்து, கடையில் வாங்கியதை அங்கே நிறுத்துவார் என்ற நினைப்பு உங்களுக்கு வலிக்கும் என்றால், எனக்கும் அது வலிக்கிறது. அந்த இரண்டு நாட்களுக்கு ஒப்புதல் பெற்ற கூடைகளை இரவலாகவோ வாடகைக்கோ வாங்குவோம். மற்ற மூன்று போட்டிகளிலும், பயிற்சி நாட்கள் எல்லாவற்றிலும் உங்கள் கூடைகளே நிற்கும். இதை நான் சபையிலும் சொல்வேன்.

நீங்கள் சம்மதித்தால் போட்டி இயக்குநருக்கான விதித் தேர்வை நானே எழுதுகிறேன். புத்தகத்தை ஏற்கெனவே ஒருமுறை படித்துவிட்டேன். சங்கத்தின் தர அளவுகளில், கூடையின் மேல்விளிம்பு தரையிலிருந்து 82 செ.மீ. உயரத்தில், 6 செ.மீ. கூடவோ குறையவோ, இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. உங்கள் கூடைகளை நீங்கள் கண்ணளவில் செய்தீர்கள் என்று சொல்வீர்கள். எனக்கு என்னவோ அவை அந்த அளவுக்குள்தான் வரும் என்று தோன்றுகிறது. வரும் சனிக்கிழமை காலை அளவு நாடாவோடு உங்கள் கொட்டகைக்கு வருகிறேன். அண்ணியிடம் தேநீர் மட்டும் போதும் என்று சொல்லிவையுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஸ்கோர் எழுதும் தங்கை