எட்னா ஜி.யின் பக்கத்தில் நயாகராவுக்கும் ஓர் இடம் வேண்டும்

மினசோட்டா மாநிலத்து டூ ஹார்பர்ஸ் நகர மன்றத்தாருக்கும் லேக் கவுண்டி ஆணையர்களுக்கும்,

வணக்கம். இதே மடல் ஆங்கிலத்தில் உங்களுக்குத் தனியே வருகிறது. கோடை வந்தால் மினியாபொலிஸ் பக்கத்திலிருந்து பிள்ளைகுட்டிகளோடு சுப்பீரியர் ஏரியின் வடகரைக்குக் கிளம்பும் தமிழ்க் குடும்பங்கள் பல. போகிற வழியில் எதைத் தாண்டிப் போகிறோம் என்று அவர்களும் தெரிந்துகொள்ளட்டுமே என்று தமிழிலும் எழுதுகிறேன்.

உங்கள் ஊருக்கு வருகிறவர்கள் எட்னா ஜி.யைப் பார்க்காமல் திரும்புவதில்லை. 1896இல் கிளீவ்லாந்தில் கட்டிய இழுவைக் கப்பல். ரயில் கம்பெனித் தலைவர் தன் மகள் பெயரை அதற்கு வைத்தார். இரும்புத்தாது ஏற்ற வந்த பெரிய கப்பல்களை இழுத்தும் தள்ளியும் துறையில் சேர்த்தது. கடைசிவரை நிலக்கரியைத் தின்று நீராவியில் உழைத்து 1981இல் ஓய்ந்தது. நூற்றுமுப்பது வயதை ஒட்டிய எஃகு உடம்பைத் தண்ணீரில் வைத்துக் காப்பது எவ்வளவு பெரிய செலவு என்று எனக்கும் தெரியும். அந்தச் செலவைக் குறை சொல்ல வரவில்லை. நன்றாகச் செய்யுங்கள்.

எட்னா ஜி.யின் பெருமையைச் சொல்லும்போது எல்லோரும் 1905 நவம்பர் புயலுக்குத்தான் போவார்கள். கோல்ட் ராக் பாறையில் மோதிச் சிதறிய மடெய்ரா என்ற கப்பலின் மாலுமிகளைக் கரையிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்த கதை அது. ஆனால் அதற்கு ஒன்றரை ஆண்டு முன்பே, 1904 ஜூனில், உங்கள் ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி நைஃப் தீவின் பாறையில் ஏறி உடைந்த இன்னொரு இழுவைக் கப்பலின் ஆட்களையும் எட்னா ஜி.தான் மீட்டது. அந்தக் கப்பலின் பெயர் நயாகரா. முழுக்க மரம். 1872இல் டெட்ராய்ட்டில் கட்டியது. காப்பாற்றியவளுக்குத் துறையில் மரியாதை நடக்கிறது. காப்பாற்றப்பட்டவர்கள் எந்தக் கப்பலில் வந்தார்கள், அது என்ன தொழில் செய்தது என்பதற்கும் பக்கத்திலேயே ஓர் இடம் கொடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

அந்தத் தொழில் சாதாரணமானதில்லை. 1870களில் சுப்பீரியர் முதலான பெரிய ஏரிகளில் சரக்கு பெரும்பாலும் பாய்மரத்தில்தான் போயிற்று. பாய்மரக் கப்பலுக்கு விரிந்த ஏரியில் கவலையில்லை. ஏரிகளை இணைக்கும் டெட்ராய்ட் ஆறும் செயின்ட் கிளேர் ஆறும்தான் வினை. ஒடுங்கிய வழி, எதிர்த்துவரும் நீரோட்டம், காற்று மாறினால் நாள்கணக்கில் நங்கூரம். அங்கேதான் நீராவி இழுவைக் கப்பலுக்குப் பிழைப்பு. வருகிற பாய்மரக் கப்பலை முதலில் பிடிக்க ஏரிக்குள்ளேயே ஓடிப்போய்க் கூலி பேசுவார்கள். ஒன்றன்பின் ஒன்றாகக் கயிற்றில் கோத்து ஆற்றைக் கடத்திவிடுவார்கள். டெட்ராய்ட்டிலேயே 1868இல் கட்டிய சாம்பியன் என்ற இழுவைக் கப்பல், எட்டுப் பாய்மரக் கப்பல்களை ஒரே சரமாக இழுத்துப் போகும் படம் இன்றைக்கும் பேர்பெற்றது. ஒரு கொதிகலன், தண்ணீரைத் தள்ளும் ஒரு திருகு, அடுப்பில் கரி தள்ளும் ஆட்களின் தோள்வலி, இவ்வளவுதான் மூலதனம்.

பாய்மரம் குறையக் குறைய அந்தப் பிழைப்பும் போயிற்று. வலுவுள்ள இழுவைக் கப்பல்கள் மரத்தெப்பத்துக்கு மாறின. நயாகராவும் அந்த வேலை பார்த்தது. தெப்பம் என்றால் நாலு கட்டையைச் சேர்த்துக் கட்டியது அல்ல. பருத்த மரங்களின் இரு நுனியிலும் துளைபோட்டு, சங்கிலியால் ஒன்றோடொன்று பிணைத்துப் பெரிய வளையம் செய்வார்கள். அதற்குள் ஆயிரக்கணக்கான பைன் மரங்கள் மிதக்கும். மணிக்கு ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர் நகர்ந்தாலே நல்ல வேகம். நடு ஏரியில் புயல் பிடித்துச் சங்கிலி அறுந்தால் அத்தனை மரமும் சிதறிக் கரையெல்லாம் ஒதுங்கும். மிச்சிகனின் பைன் தீர்ந்ததும் அங்குள்ள மரவாடிகளுக்குக் கனடாவிலிருந்து தெப்பம் தெப்பமாக வந்தது. 1898இல் ஒன்டாரியோ அரசு, அரசு நிலத்துப் பைனை உள்நாட்டிலேயே அறுக்க வேண்டும் என்று சட்டம் போட்டதும் அந்த வரத்து நின்றது. கோடரி மேற்கே திரும்பியது. உங்கள் வடகரைக் காடு அப்படித்தான் போயிற்று. அதுவும் 1854 லா பாயின்ட் உடன்படிக்கையில் அந்த மண்ணின் பூர்வகுடிகளான ஒஜிப்வே மக்களிடமிருந்து வாங்கிய நிலம். எட்னா ஜி. இரும்பின் கதையைச் சொல்கிறது. மரத்தின் கதையைச் சொல்ல உங்கள் பக்கத்துத் தண்ணீரில் நயாகரா கிடக்கிறது.

கிடக்கிறது என்றால் முழுக் கப்பலாக அல்ல, பலகையும் விலாக்கட்டையுமாக. கடலாக இருந்தால் மரத்தைத் துளைக்கும் கப்பல்புழு எப்போதோ தின்று முடித்திருக்கும். நன்னீரில் அது வாழாது. குளிரும் மரத்தைக் காக்கிறது. ஆனால் தீவின் ஓரத்துப் பாறையில் அலையும் பனிக்கட்டியும் விடுவதில்லை. போதாக்குறைக்கு மனிதர்கள். இந்த ஏரிகளில் மூழ்கியவற்றிலிருந்து ஆணி, கப்பி, பெயர்ப்பலகை என்று 'ஞாபகார்த்தம்' பெயர்த்து வீட்டு அலமாரியில் வைத்தவர்கள் ஒரு தலைமுறையே உண்டு. 1987 மத்தியச் சட்டத்துக்குப் பிறகு மாநில நீரடியில் பதிந்த இத்தகைய கைவிடப்பட்ட சிதைவுகள் மாநிலத்தின் உடைமை. எடுப்பதற்குத் திருட்டு என்றே பெயர்.

உங்களால் செய்ய முடிந்தவை சில. முதலாவது, மிதவை. படகில் வருகிறவர்கள் சிதைவின் மேலேயே நங்கூரம் போடாமல் மிதவையில் கயிறு கட்டிக்கொள்ளலாம். உங்கள் அகேட் விரிகுடாவிலேயே 1896இல் மூழ்கிய சாமுவேல் பி. ஈலி என்ற கப்பலைத் தன்னார்வ முக்குளிப்பவர்கள் இரும்புக் கம்பி கொடுத்து நிமிர்த்திப் பிடித்திருக்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறார்கள்; மாநில அரசிடம் அனுமதி வாங்கித் தருவதில் நீங்கள் முன்னே நிற்க வேண்டும்.

அடுத்தது, நைஃப் ரிவர் ஊரின் கரையில் ஒரு பலகை. ஏற்கெனவே எங்காவது சிறிதாக இருந்தால் பெரிதாக்குங்கள். புகையூட்டிய மீன் வாங்கக் காரை நிறுத்துகிறவர்கள் அங்கிருந்து கடற்காகங்கள் மொய்க்கும் அந்தச் சிறு தீவைப் பார்க்கிறார்கள். கட்டிய ஆண்டு, மூழ்கிய ஆண்டு, நீளம் அகலம் என்று நாலு வரியில் முடித்துவிடாதீர்கள். சங்கிலி வளையத்தைப் படம் போட்டுக் காட்டுங்கள். யாருடைய காடு, எந்த மரவாடிக்குப் போனது என்று எழுதுங்கள். அதை எழுதுவதற்கு முன் ஒஜிப்வே மக்களைக் கூட்டிவைத்துக் கேளுங்கள்.

எட்னா ஜி.யைப் பற்றி விளக்குபவர்களிடமும் சொல்லிவையுங்கள். மடெய்ராவைச் சொல்லும்போது நயாகராவையும் சேர்த்துச் சொல்ல இரண்டு நிமிடம் கூடுதலாகும். அடுத்த கோடைப் பருவம் தொடங்குவதற்குள் இதில் எது முடியும், எது முடியாது என்று ஒரு பதில் கிடைத்தால் போதும்.

இப்படிக்கு,
மினசோட்டாவில் குடியிருக்கும் ஒரு தமிழன்