அமெரிக்க வரலாற்றுப் பாடம் காணொளியோடு முடிந்துவிடக் கூடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் நியூ ஜெர்சியில் வசிக்கும் தங்கள் நாளிதழின் வாசகி. பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு அமெரிக்க வரலாற்று வீட்டுப்பாடம் பெரும்பாலும் இணையத்திலேயே தரப்படுகிறது. ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, அதன் கீழுள்ள பத்துக் கேள்விகளுக்குச் சரியான விடையைச் சொடுக்கினால் போதும். காணொளிகள் தெளிவாகவும் சுவையாகவும் எடுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் பாடமே அவற்றோடு முடிந்துவிடுவது எனக்குக் கவலை தருகிறது.

1863 ஜனவரி 1 அன்று லிங்கன் அடிமைகளை விடுவித்தார் என்றது ஒரு காணொளி; மகளும் அப்படியே விடையளித்து முழு மதிப்பெண் பெற்றாள். அன்றிரவு அந்த விடுதலைப் பிரகடனத்தின் மூல வாசகத்தை அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் இருவரும் சேர்ந்து படித்தோம். லூசியானாவில் நியூ ஆர்லியன்ஸ் உள்ளிட்ட 13 வட்டாரங்களுக்கும், மேற்கு வர்ஜீனியாவாக உருவாகிக்கொண்டிருந்த 48 மாவட்டங்களுக்கும் அது பொருந்தாது என்று பெயர் சொல்லியே விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. "அங்கே இருந்த அடிமைகள் என்ன ஆனார்கள்?" என்று மகள் கேட்டாள். உள்நாட்டுப் போரில் கிளர்ச்சி செய்த பகுதிகளின் மீது போர்க்கால அதிகாரத்தைக் கொண்டு விடுக்கப்பட்ட ஆணை அது என்பதும், ஒன்றியத்தை விட்டு விலகாத டெலவேர், மேரிலாந்து, கென்டக்கி, மிசௌரி ஆகிய அடிமை மாநிலங்களை அது தொடவில்லை என்பதும், 1865 டிசம்பரில் நிறைவேறிய 13ஆவது அரசியலமைப்புச் சட்டத் திருத்தமே நாடு முழுவதும் அடிமை முறையை ஒழித்தது என்பதும் அந்த ஒரு கேள்வியிலிருந்தே எங்களுக்குப் புலப்பட்டன. பத்துக் கேள்விகளில் ஒன்றுகூட அவளை அந்த இடத்துக்கு அழைத்துச் சென்றிருக்காது.

பள்ளி மாணவர்கள் எழுதும் கல்லூரி நிலைத் தேர்வான ஏ.பி. வரலாற்றுத் தேர்விலும் ஏழு ஆவணங்களைக் கொடுத்து, அவற்றைச் சான்றாகக் கொண்டு கட்டுரை எழுதச் சொல்கிறார்கள். காணொளி மட்டுமே பார்த்துப் பழகிய பிள்ளை அங்கே திணறும்.

இதற்கான பயிற்சிகள் கட்டணமின்றியே கிடைக்கின்றன. ஆவணக் காப்பகத்தின் டாக்ஸ்டீச் தளத்தில் ஆவணங்களை வரிசைப்படுத்தவும் ஒப்பிட்டு எடைபோடவும் செயல்பாடுகள் உள்ளன. குழந்தைத் தொழிலாளர்களை லூயிஸ் ஹைன் எடுத்த படங்களும், முன்னாள் அடிமைகளிடம் 1936 முதல் 1938 வரை பதிவுசெய்யப்பட்ட 2,300க்கும் மேற்பட்ட வாக்குமூலங்களும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் உள்ளன. அந்த முதியவர்களிடம் கேள்வி கேட்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள் என்பதையும் மனத்தில் கொண்டே அவற்றைப் படிக்க வேண்டும். அப்படிப் படிக்கக் கற்றுக்கொடுப்பதுதான் வரலாற்று ஆசிரியரின் வேலை என்று நான் நம்புகிறேன்.

எங்களைப் போன்ற பெற்றோர் பலருக்கு 1857உம் 1947உம் தெரியும். அமெரிக்க வரலாறு புதிது. ஆனால் அதில் நம்முடைய கதையும் இருக்கிறது. முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய பஞ்சாபியரான பகத் சிங் திண்ட், சட்டம் குறிப்பிடும் 'வெள்ளையர்' அல்லர் என்று கூறி, அவருக்குக் குடியுரிமை இல்லை என 1923இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியர்கள் குடியுரிமை பெறும் வழி 1946இல்தான் திறந்தது. அப்போதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 100 பேருக்கே குடியேற இடம். பிறந்த நாட்டை வைத்து இடம் ஒதுக்கும் அந்த முறையை 1965ஆம் ஆண்டுச் சட்டம் கைவிட்டதால்தான் நம் குடும்பங்கள் பெருமளவில் இங்கு வர முடிந்தது. ஆசிய அமெரிக்கர் வரலாற்றைப் பள்ளிகளில் கற்பிக்க வேண்டும் என்று நியூ ஜெர்சியில் 2022இல் சட்டமே இயற்றப்பட்டுள்ளது.

பெற்றோர் பிள்ளைகளோடு அமர்ந்து படிப்பதற்கு உதவியாக, இந்த ஆவணங்களையும் இணையப் பயிற்சிகளையும் எளிய தமிழில் அறிமுகப்படுத்தும் தொடர் ஒன்றைத் தங்கள் நாளிதழ் வெளியிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். திண்ட் வழக்கின் தீர்ப்பிலிருந்தே அதைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
நியூ ஜெர்சி