மாலதிக்கு, அந்தியோடு ஓடும் வீடியோவைப் பற்றி

அன்புள்ள மாலதி,

உன் கடிதமும் கூடத்தின் வரைபடமும் கிடைத்தன. மேற்குச் சன்னல் மூன்றையும் அடைக்காமல் விட்டிருக்கிறாயே, அதில் எனக்குப் பெரிய சந்தோஷம். வெளியே வெளிச்சம் குறைவதை ஒளி சென்சார் பார்த்துச் சொல்ல, அதற்கேற்பச் சுவரில் வீடியோ நகரட்டும் என்று எழுதியிருக்கிறாய். அதை மட்டும் மாற்று.

நீ வைக்கப்போவது சென்னையில், நவம்பரில். மழைமேகம் கவிந்தால் நாலு மணிக்கே இருட்டும். சென்சார் அதை அந்தி என்று எடுத்துக்கொள்ளும். மேகம் விலகினால் படம் பின்னோக்கி ஓடும். பொழுதைச் சூரியனின் கோணத்தை வைத்துக் கணக்கிடு. இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, மணி இருந்தால் ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினியில் ஒரு சின்ன பைத்தான் நிரல் போதும். சூரியன் அடிவானத்துக்கு மேலே 6 டிகிரியில் இருக்கும்போது முதல் ஃபிரேம், கீழே 6 டிகிரியில் கடைசி ஃபிரேம். சென்னையில் சூரியன் அதிகம் சாயாமல் இறங்குவதால் மொத்தமும் சுமார் 50 நிமிடம். மறைந்தபின் மிஞ்சும் வெளிச்சம் இருபது நிமிடச் சொச்சம்தான். லண்டனில் ஜூன் மாதத்தில் அது முக்கால் மணியைத் தாண்டும். அந்த நிதானத்தைச் சென்னையில் எதிர்பார்க்காதே.

சென்சார் வேண்டாம் என்று சொல்லவில்லை. படத்தின் பிரகாசத்தை அது பார்த்துக்கொள்ளட்டும். பிஎச்1750 என்ற ஒளி சென்சார் போதும், ஆனால் 54,000 லக்ஸோடு (லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் ஒளியின் அளவு) அதன் அளவு நின்றுவிடும், நேர் வெயிலோ ஒரு லட்சத்தைத் தொடும். மொட்டைமாடியில் வடக்குப் பார்த்து, மழை படாமல் வெள்ளை மூடிக்குள் வை. கூடத்துக்குள் வைத்தால் புரொஜெக்டரின் ஒளியே அதன்மேல் விழுந்து, படம் கூடுவதும் குறைவதுமாகத் துடிக்கும். ஐந்து நிமிட சராசரியை எடு. சூரியன் மறையும்போது ஏறக்குறைய 400 லக்ஸ், 6 டிகிரி இறங்கியதும் 3 லக்ஸ். ஆகவே மடக்கை அளவில், அதாவது ஒவ்வொரு பத்து மடங்குக் குறைவையும் ஒரே அளவுப் படியாக எடுத்துக் கணக்கிடு. இல்லாவிட்டால் முதல் சில நிமிடங்களிலேயே மாற்றமெல்லாம் தீர்ந்துபோகும்.

எனக்கு அதிகக் கவலை கறுப்பைப் பற்றித்தான். புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. சுவரில் ஏற்கெனவே இருக்கும் வெளிச்சம்தான் உன் கறுப்பு. புரொஜெக்டர் வீசும் 3,000 லூமென் ஒளி 2 மீட்டருக்கு 1.5 மீட்டர் பரப்பில் விழுந்தால் 1,000 லக்ஸ். சன்னல் வழியாகச் சுவரில் 100 லக்ஸ் விழுகிறபோது வெள்ளைக்கும் கறுப்புக்கும் பதினோரு மடங்குதான் வித்தியாசம். நிழலில் இருக்கும் முகமெல்லாம் அப்போது சாம்பலாகிவிடும். தொடக்கத்துக்குப் பெரிய, வெளிச்சமான வடிவங்களை வை. இருண்ட காட்சிகள் கடைசி இருபது நிமிடத்துக்கு.

வழக்கமான எச்.264 வகை வீடியோ கோப்பில் முழு ஃபிரேம்கள் தள்ளித்தள்ளி வருவதால், கோணத்துக்கேற்பத் தாவும்போது படம் திக்கும். ஒவ்வொரு ஃபிரேமும் கீஃபிரேமாக, அதாவது முழு ஃபிரேமாக இருக்கும்படி மாற்றிவிடு. வானத்தில் வரிவரியாகத் தெரிந்தால் லேசாக கிரெயின் (பொடிப் புள்ளிகள்) சேர். கரன்ட் போனால் ராஸ்பெர்ரி பை 4-க்கு மணி மறந்துவிடும். டிஎஸ்3231 கடிகாரச் சில்லைப் பேட்டரியோடு பொருத்து.

வீடியோ கலைஞர் மேரி லூசியரின் 1975 வேலையைக் கேட்டிருந்தாயே: நியூயார்க்கின் ஈஸ்ட் ரிவர் மேல் ஏழு விடியல்களை எடுத்தார். சூரியன் கேமராவில் ஒளியை வாங்கும் விடிகான் குழாயைச் சுட்டு, ஒவ்வொரு நாளின் தழும்பும் மறுநாள் படத்திலும் நின்றது. ஏழு மானிட்டர்களில் அது சேர்ந்துகொண்டே போகும். கணக்கே இல்லாமல் வெளிச்சம் தானே எழுதிய படம் அது, அவசியம் பார்.

அழைப்பிதழில் மாலை 6 மணி என்று போட்டுவிடாதே. நவம்பர் பிற்பாதியில் சென்னையில் 5.40-க்கே சூரியன் மறைந்துவிடும். எல்லோரும் 5 மணிக்கு உட்கார்ந்திருக்க வேண்டும்.

அன்புடன்,
கலா